அப்பாவுக்கு வீரனைப் பற்றிச் சொன்னது

கடையில் வாங்கிய எந்தப் பொருளானாலும் அதைத் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஒரு குறையாவது கண்டுபிடித்துச் சொல்லாமல் எனக்கு உறக்கம் வராது. மிக்சி வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வீட்டில் முதல் தீர்ப்பு என்னுடையதுதான். பிறந்த உடனேயே பிரசவம் பார்த்த நர்ஸைக் குறை சொல்லியிருப்பேன் என்பது என் கணவரின் கட்சி. அவருக்கு என்ன தெரியும்! இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் அப்பா. நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, மஸ்கட்டில் இருந்துகொண்டு கொடுத்தார்.

பாறசாலையிலிருந்து செங்கல் என்கிற ஊருக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. போன் பேச வேண்டுமென்றால் ஜங்ஷன் பூத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஹலோ சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் எகிறிவிடும். அதனால் அப்பா கேசட்டில் பேசி, லீவுக்கு ஊர் வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் எனக்கு. அம்மாவின் பக்கத்தை நான் கேட்கக் கூடாது. என் பக்கத்தை ஊரே கேட்கலாம். இது என்ன நியாயம் என்று கேட்டால் மாமா சிரிப்பார். மாமா அம்மாவின் அண்ணன், அடுத்த வீட்டுக்காரர், டேப் ரெக்கார்டரின் அதிபதி. பதிவு செய்ய வேண்டுமானால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். அது தன் விரலுக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று எல்லோரையும் நம்ப வைத்திருந்தார்.

விஷு கழிந்த சமயம், அதியன்னூர்க்காரர் ஒருவர் கையில் கேசட்டோடு ஒரு பெட்டியும் வந்தது. முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே ஒரு சாண் உயரத்தில் ஒரு வீரன். பச்சை உடுப்பு, வெள்ளி முகமூடி, தோளிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் கருஞ்சிவப்புத் துணி. உடுப்பையும் மீறித் திமிறிக்கொண்டிருந்த நெஞ்சைப் பார்த்து, இவன் மூச்சு விட்டால் பெட்டி தெறித்துவிடும் என்று நினைத்தேன். கம்பெனிக்காரன் வைத்த பெயரை மாமா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வாசித்ததால் நாங்கள் வீரன் என்றே கூப்பிட்டோம். பெட்டியின் பின்னால் அவனுடைய கூட்டத்தின் படம் இருந்தது. நல்லவர்கள் மூன்று பேர், கெட்டவர்கள் மூன்று பேர். ஆறு பேரையும் வாங்கிச் சேர்த்து வைக்கிற பெரிய ஆட்களெல்லாம் வெளிநாட்டில் உண்டு என்று மாமா சொன்னார். அப்படிப்பட்ட நாட்டில் அப்பாவுக்கு ஏன் வீட்டு ஞாபகம் வருகிறது என்று எனக்கு ஆச்சரியம்.

பெட்டியைக் கையில் வாங்கி மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"பொட்டிக்கப்பிடாது கேட்டியா. ஓணத்துக்கு அப்பா வாறாரு. அவருக்க கையால பொட்டிச்சு உனக்குத் தருவாரு. அதுவரை இது அலமாரில இருக்கட்டு."

நான் உருண்டேன், புரண்டேன், சாப்பிட மாட்டேன் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி அலமாரியில், வெளியே எடுக்கவே எடுக்காத சாயா கப்புகளுக்கு நடுவில் வீரன் போய் நின்றான். சாவி அம்மாவின் தாலியோடு ஊக்கில் தொங்கியது. உலகத்திலேயே பெரிய கஞ்சப்பிசினாரி என் அம்மாதான் என்று அன்று முடிவு செய்தேன். அதை அவளிடமே சொல்லவும் செய்தேன்.

விஷயத்தைக் கெடுத்தது கேசட்தான். என் பக்கத்தில் அப்பா முழுக்க முழுக்க வீரனைப் பற்றியே கேட்டிருந்தார். "மக்கா, பொருளு எப்படி உண்டுன்னு அப்பாவுக்குச் சொல்லணும். முட்டு மடங்குமா? முதுகுல ஒரு பட்டன் உண்டுன்னு கடைக்காரன் சொன்னான், அத அமுக்குனா கை வீசுமா? கொள்ளாம்னா மத்தவனையும் வாங்கிட்டு வாறேன்." நன்றாக இருக்கிறதா என்று வாங்கின ஆளுக்கே தெரியவில்லை, என்னிடம் கேட்கிறார். அவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பெட்டியைத் திறக்காமல் எப்படிச் சொல்வது? அலமாரிக் கண்ணாடி ஒன்று, பெட்டியின் பிளாஸ்டிக் ஒன்று, இரண்டுக்கும் இப்பால் என் மூக்கு. பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் நிற்பேன். வெயில் சாயும் நேரம் ஜன்னல் வழியாக வெளிச்சம் நேராக அவன் மேல் விழும். பெயிண்ட் அடித்ததில் உள்ள கோணல் எல்லாம் அப்போது தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரும் அத்தை மகன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்க முதுகு சப்பையாக்கும். முன்பக்கம் மட்டும்தான் செஞ்சு வச்சிருக்கு. அதாக்கும் உங்க அம்மை தராதது" என்று குண்டைப் போட்டான். அவன் முதுகில் ஒன்று வைத்தேன். ஆனால் சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

பதில் பதிவு செய்கிற நாளன்று மாமா வந்து இரண்டு விரலால் பொத்தான்களை அமுக்கி, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி மலையாளத்தில் என்னை அறிவித்தார். நான் சொன்னேன்: "அப்பா, முகம் கொள்ளாம். இடது கண்ணுல மஞ்சப் பெயிண்டு கோட்டுக்கு வெளிய போயிருக்கு. பூட்சு நல்லா உண்டு. முட்டு தெரியாது. முதுகு இருக்கான்னே தெரியாது. அம்மை தரல்ல." பின்னாலிருந்து அம்மா, அவர் வந்து திறந்து கொடுத்தால் எல்லாம் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பும் பதிவாகிப் போனது. அந்த மாதங்களில் அம்மா நிறையச் சிரித்தாள். முன் அறைக்கு வெள்ளை அடித்தாள், அப்பாவின் வேட்டிகளை எடுத்து வெயிலில் போட்டாள், தனக்கு இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். நானும் ஓணத்துக்காகக் காத்திருந்தேன். முதலில் வீரனுக்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம் எப்படியோ, பெட்டியை அப்பா திறப்பது, அவர் மடியில் நான் இருப்பது, அவர் சட்டையில் ஒரு செண்டு மணம் அடிப்பது என்று நினைத்து நினைத்து, எனக்கு வேண்டியது பொம்மையா அப்பாவா என்று தெரியாமல் போய்விட்டது. அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. குரல்தான் தெரியும்.

ஓணத்துக்குச் சில வாரம் முன்னால், அம்பூரிக்காரர் ஒருவர் வந்து இறங்கியிருப்பதாகச் சொல்லி, மாமா பஸ் பிடித்துப் போய்க் கேசட்டை வாங்கி வந்தார். அம்மா வழக்கம்போல டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வழக்கம்போலக் கதவில் காதை வைத்தேன். அப்பாவின் குரல் முணுமுணுவென்று கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. பொத்தானின் டக் சத்தம். திரும்பவும் அதே முணுமுணுப்பு. திரும்பவும் டக். ஒரே இடத்தை எதற்குப் போட்டுப் போட்டுக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சல். அவள் எப்போது முடிப்பது, என் பக்கம் எப்போது வருவது!

வெளியே வந்தபோது அம்மா முகம் கழுவியிருந்தாள். நேராக அலமாரிக்குப் போனாள். பெட்டியை எடுத்தாள். தையல் கத்தரியால் பிளாஸ்டிக்கை அறுத்தாள். வீரனின் கையையும் காலையும் அட்டையோடு முறுக்கிக் கட்டியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா. நல்லா பாத்துக்க. அப்பாவுக்கு எல்லாம் சொல்லணும்."

"அப்பா வந்துதானே பொட்டிக்கணும்னு சொன்னிய?"

"அதுக்குள்ள நீ வளந்து போவ. பொறவு ஆரு வச்சுக் களிக்கது?"

ஓணத்துக்குள் ஒருத்தி எவ்வளவுதான் வளர்ந்துவிட முடியும்? எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன், கஞ்சப்பிசினாரி என்று சொன்னதை வாபஸ் வாங்கினேன், கேசட்டில் என் பக்கத்தைக் கேட்கவும் மறந்து வீரனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். என் சிறுவயதில் அதைவிடச் சந்தோஷமான நாள் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

அவனுக்கு முதுகு இருந்தது! திமிர்த்த, நடுவில் பள்ளம் விழுந்த, ஒன்றாந்தர முதுகு. துணியைத் தூக்கினால் பட்டன். அமுக்கினால் வலது கை மேலேறிக் குத்தியது. முட்டு டிக் டிக்கென்று மூன்று நிலையில் மடங்கியது. இடுப்பு முழுச் சுற்றும் திரும்பும். ஆனால் நிற்கத் தெரியாது, பாதம் சின்னது. சிமெண்ட் தரையில் நிறுத்தினால் மூக்கு அடிபட விழுந்தான். கிணற்றடியில் குளிப்பாட்டினேன், பெயிண்ட் போகவில்லை. அன்று முழுக்க என் கையில் புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது, அதுதான் மஸ்கட்டின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் மாமா வந்தார். அன்று மலையாள அறிவிப்பு இல்லை, நேராகப் பொத்தான்களை அமுக்கினார். நான் வீரனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பாகச் சொன்னேன். டிக் டிக் சத்தம் அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று அவன் முழங்காலை மைக்கின் பக்கத்தில் வைத்து மடக்கினேன். எல்லாம் முடிந்ததும் மிச்ச விஷயத்தையும் சொன்னேன்.

"அம்மையாக்கும் அப்பா பொட்டிச்சுத் தந்தது. அப்பா வரது வரை காக்க வேண்டாம்னு சொல்லியாச்சு. ஓணத்துக்கு வரும்போ கெட்டவன் ஒருத்தனைக் கொண்டு வரணும், என்ன? அத நாம ரெண்டு பேரும் பொட்டிக்கலாம். நான் பத்திரமா வச்சிருப்பேன்."

மாமாவின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது. அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அண்ணா. பிள்ள சொல்லட்டு."

கம்பெனி லீவு தரவில்லை, இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் நிச்சயமில்லை என்று ஓணத்துக்கு முந்தின நாள், உத்ராடத்தன்றுதான் என்னிடம் சொன்னார்கள். அன்று முழுக்க அழுதேன். புதுப்பாவாடையைக் கட்ட மாட்டேன் என்றேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீரனைத் தூக்கி எறிந்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவின் பதில் ஐப்பசியில், துலாம் மாதத்து மழையில் வந்தது. என் பக்கத்தைப் போட்டேன். "மக்கா" என்றார். அவ்வளவுதான். அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு ஃபேன் கடகடவென்று சுற்றுகிற சத்தம், எங்கோ ஒரு வண்டியின் ஹாரன், யாரோ ஒரு தடவை இருமுவது. டேப் கெட்டுவிட்டது என்று கேசட்டை எடுத்து, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றி, திரும்பப் போட்டேன். மறுபடியும் மக்கா, மறுபடியும் ஃபேன். மாமா குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். "டேப்புக்குக் கேடு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

முன்னால் ஓட்டலாம் என்று நான் பொத்தானில் கை வைத்தபோது அம்மா தடுத்தாள். தரையில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு ஆள் ஒன்றும் பேசாமல் இருப்பதை இன்னொரு ஆள் அப்படி உட்கார்ந்து கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

"பேச்சே இல்லாத டேப்ப என்னத்துக்கும்மா கேக்குதிய?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்காமலேயே உதட்டில் விரலை வைத்தாள். எனக்குச் சலித்துப்போனது. வீரனை எடுத்துக்கொண்டு, மழையில் அவன் துணி எப்படி நனைகிறது என்று பார்க்க வெளியே ஓடினேன்.