நாக்கோரத்துக் கட்டியும் ஆறுதல் என்ற சொல்லும்

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. நாக்கின் வலது ஓரத்தில் பட்டாணி அளவில் ஏதோ தடுக்கியது. பாக்குத்தூள் என்று நினைத்துத் துப்பினேன். வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். அது நாக்கோடு ஒட்டிய சதை.

சிராங்கூன் சாலை மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுவது என் தொழில். தமிழிலும் மலாயிலும் மாறி மாறிக் கத்திப் பிழைக்கிறவனுக்கு நாக்கில் கட்டி வந்தால் எப்படியிருக்கும்! வலி இல்லை, இரத்தம் இல்லை. ஆனாலும் பேசாத நேரமெல்லாம் அதைப் பல்லில் உரசிப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

சந்தையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். இன்னொருவர் குதிரை முடியால் சுருக்குப் போட்டு இறுக்கச் சொன்னார். உங்களுக்கும் இப்படி யோசனை சொல்ல ஆள் கிடைப்பார்கள். மரியாதைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், செய்து பார்க்காதீர்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் பயந்து நாளைக் கடத்தினேன். என் மனைவி ஜெய்னம்பு ஒருநாள் காலையில் ரிக்‌ஷாவையே வாசலுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

டாக்டர் வெள்ளைக்காரர். அவர் சொல்வதைத் தமிழில் சொன்னவர் டிரஸ்ஸர் (காயத்துக்கு மருந்து கட்டுபவர்) கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பைச் செலவழிக்காத மனிதர். கட்டியை டாக்டர் விரலால் உருட்டிப் பார்த்தார். பக்கத்தில் உடைந்திருந்த கடைவாய்ப் பல்லையும் தட்டிப் பார்த்தார்.

"கண்ணுக்குச் சாதுவாத்தான் தெரியுதாம். ஆனா கண்ணை நம்பி முடிவு சொல்லமாட்டாராம்" என்றார் கந்தையா. "வெட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பிலை பாக்கவேணும்."

மைக்ராஸ்கோப் என்பது கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடிக் குழாய். அதில் பிளவை (புற்று) என்று தெரிந்தால் பாதி நாக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

கொக்கேன் மருந்து (அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வது) தடவி, கட்டியை அடியோடு வெட்டித் தையல் போட்டார்கள். உடைந்த பல்லையும் பிடுங்கினார்கள். வெட்டியதைச் சாராய வாடை வீசும் திரவத்தில் போட்டபோது பார்த்தேன். இவ்வளவு சின்னதுக்கா இத்தனை பயம் என்று வெட்கமாக இருந்தது.

முடிவு கேட்கப் போன அன்று டாக்டர் வெளியே போயிருந்தார். கந்தையா தலை நிமிராமல் சொன்னார்: "முடிவு வந்திட்டுது. நான் சொல்லக்கூடாது. வாற திங்கள் ஆறுதலா வாங்கோ. துரை எல்லாம் ஆறுதலாச் சொல்லுவார்."

ஆறுதல் சொல்லுவாராம். எங்கள் நாகப்பட்டினத்துப் பக்கம் மையத்து (சாவு) வீட்டில்தான் ஆறுதல் சொல்வார்கள். டிராமில் ஏறியதும் இறங்கியதும் எனக்கு நினைவில்லை. ஏலத்தில் கூறுவதுபோல் எனக்கு ஒரு தரம், இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது, மூன்றாவதுதான் பாக்கி என்று தோன்றியது.

அந்த வாரம் சந்தைப் பக்கம் தலை காட்டவில்லை. வெந்த கஞ்சியும் இறங்கவில்லை. ஊருக்குக் கப்பலேறி அங்கேயே கண்ணை மூடிவிடலாம் என்று ஜெய்னம்புவிடம் சொன்னேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவும் மறுத்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"ஆறுதல் சொல்றவங்க நம்ம வூட்டுக்குல்ல வரணும்? மவுத்தானவரு தானே நடந்து போயி கேட்டுட்டு வருவாரா? இதுல என்னமோ இருக்கு. சட்டையப் போடுங்க."

போனோம். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் முடிவைச் சொல்வதற்கு முன் என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். கட்டியை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் துண்டில் வைத்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணால் குழாய்க்குள் பார்த்தேன். மேலே ஊதா நிறத்தில் ஒரு வரப்பு. அதன் கீழே தேங்காய்நார் மாதிரி இளஞ்சிவப்பு இழைகள், கற்றை கற்றையாக.

டாக்டர் விளக்க, கந்தையா தமிழில் சொன்னார். அந்த ஊதா வரப்பு நாக்கின் மேல்தோல். அதன் அணுக்கள் (உடம்பைக் கட்டும் மிகச் சிறிய அறைகள்) ஒரே சாயலில் வரிசையாக நிற்கின்றன. பிளவையாக இருந்தால் அவை கோணல்மாணலாகி, அடியிலிருக்கும் வேலியைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். இங்கே வேலி முழுசாக இருக்கிறது. உடைந்த பல் ஓயாமல் உரசியதால் உள்ளே நார்ச்சதை திரண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதன் பெயர் நார்க்கட்டி (தீங்கு செய்யாத வளர்ச்சி).

வேலி தாண்டாத மாடு! மாட்டுச் சந்தைக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நான் அங்கேயே அழுதேன். ஜெய்னம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கந்தையாவிடம் திரும்பினாள்.

"அப்புறம் ஏங்க, ஆறுதல் சொல்லப்போறோம்னு சொல்லி அனுப்புனீங்க?"

கந்தையா விழித்தார். "நான் ஆறுதலா வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்? அவசரமில்லை, மெதுவா வாங்கோ எண்டு. எங்கட ஊரிலை அப்பிடித்தானே கதைக்கிறது!"

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உங்கள் வாயிலும் ஏதாவது முளைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வெட்டியதைப் பூதக்கண்ணாடிக் குழாயில் பார்த்துச் சொல்லும்வரை நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள். சொன்னது புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், சொன்னவர் தமிழராகவே இருந்தாலும்.

வெற்றிலையை விட்டுவிட்டேன். சந்தையில் குரல் பழையபடி எழும்புகிறது. ஆனால் "ரெண்டு தரம்" சொன்னதும் என்னையறியாமல் நின்றுவிடுகிறேன். நாக்கோரத்துத் தழும்பு, பல் இருந்த காலி இடத்தைத் தொடுகிறது. முன்பெல்லாம் இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் மூச்சுக்கூட விடமாட்டேன். இப்போது அங்கே இத்தனை நேரம் இருப்பது தெரிகிறது. மாடு வாலை ஆட்டுகிறது, வெயில் தோளில் விழுகிறது.

"மூணாந்தரம் சொல்லு லா!" என்று வாங்க வந்தவர்கள் கத்துகிறார்கள்.

"ஆறுதலா சொல்றேன்" என்கிறேன்.