கொட்டகையில் கேட்கும் கேள்வி

அறுவை சிகிச்சைக்கு ஆள் வந்ததும், மயக்க மருந்து கொடுக்கும் லுசுங்கு முதலில் போவது ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் சமையல் கொட்டகைக்குத்தான். நோயாளிக்கு அங்கே சொந்தக்காரர்கள்தான் பொங்கிப்போட வேண்டும்.

"மயக்கக்காரி பானையை மோப்பம் பிடிக்க வந்துட்டா," என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"இன்னிக்கு என்னக்கா ஆக்குனீங்க?" என்பாள். நோயாளிக்கு ஏதாவது கொடுத்ததாக யாராவது வாய்தவறிச் சொன்னால் அறுவையைத் தள்ளிப்போடச் சொல்வாள். திட்டமாட்டாள்.

வட மலாவியின் அந்த மலையோர ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க வேறு ஆள் கிடையாது. நர்ஸாக இருந்தவள், யாரும் சீந்தாத அந்தப் பயிற்சிக்குத் தானே கேட்டுப் போனாள். முடித்ததுமே வேலை கிடைத்தது. நோயாளி செத்தால் பழி தன் தலையில் விழும் வேலைக்குப் போட்டி ஏது?

ஆரம்பத்தில் நோயாளியிடம்தான் கேட்பாள். டெம்வா என்ற பெண்ணைப் பிரசவ அறுவைக்குக் கிடத்தியபோதும் கேட்டாள்.

"ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

மயங்கியதும் வயிற்றிலிருந்த கஞ்சி மேலேறி நுரையீரலை அடைத்தது. லுசுங்கு என்ன பாடுபட்டும் மூச்சு திரும்பவில்லை. குழந்தை மட்டும் பிழைத்தது.

நாலு வார்த்தை கேட்டுவிடும் ஆத்திரத்தோடு கொட்டகைக்குப் போனாள். டெம்வாவின் மாமியார் பேரப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பானை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து அவளே பேசினாள்.

"நர்ஸு குடுக்கக் கூடாதுன்னுதாம்மா சொன்னாங்க. நான்தான் மறைச்சு கடலைக்கஞ்சி குடுத்தேன், யார்கிட்டயும் சொல்லாதன்னேன். அந்தப் புள்ள வெறும் வயித்தோட போகல. அது ஒண்ணுதாம்மா ஆறுதல்."