நினைவுக் கோபுரத்தின் கடைசி இறக்கம்

எட்டுப் பேரை மேலே ஏற்றிப் போகும் லிஃப்ட், அதே எட்டுப் பேரைக் கீழே இறக்க மாட்டேன் என்று ஏன் அடம் பிடிக்கிறது?

இந்த ஒரு கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். பேய், பிசாசு என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அது இன்றும் முழுதாகப் போகவில்லை. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இடம், ஒரு தேசிய நினைவுக் கோபுரம். போரில் இறந்தவர்களுக்காகக் கட்டியது. தபால் தலையில் கம்பீரமாக இருக்கும். நேரில் பார்த்தால் குத்தி நிறுத்திய பென்சில். சுற்றிலும் பூங்கா. 'புல்லில் நடக்காதீர்கள்' என்ற பலகைகள். புல்லில் நடந்து போய் அந்தப் பலகைகளில் சாய்ந்துகொள்ளும் கூட்டம். கோபுர உச்சியில் பார்வை மாடம். காசு கொடுத்து மேலே போகிறவர்கள், நகரத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்கள் முகத்தையே படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அந்த முகத்தைத் தரையிலேயே எடுத்திருக்கலாம்.

பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியது எங்கள் கம்பெனி. நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். சாயங்காலம் பூட்டும் நேரத்தில், கடைசியாக இறங்கும்போது மட்டும், மாடத்தில் மூன்றாவது ஆள் உள்ளே கால் வைத்ததும் எடை மிஞ்சிவிட்டதாக மணி அடிக்கும். கிணிங்… கிணிங்… கதவு மூடாது.

லிஃப்டை ஓட்டுவது என் மச்சான், மனைவியின் தம்பி. சற்றுக் கனத்த உடம்பு. நினைவிடத்தின் கண்காணிப்பாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

"காரணம் கண்ணு முன்னாடியே நிக்குதேப்பா," என்றார், அவன் வயிற்றைப் பேனாவால் சுட்டி. "இது ஒண்ணே அஞ்சு ஆளு."

"சார், இதே வயித்தோடதான் காலையிலேருந்து ஏறி இறங்குறேன்," என்றான் மச்சான்.

"வாயையும் சேர்த்து எடை போடணும் போல. தேசிய தினத்துக்கு வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்க. அவங்க முன்னாடி மணி அடிச்சுது, அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அவன் வேலை போனால் அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் என் வீட்டுக் கூடத்துக்குக் குடி வந்துவிடுவார்கள். என் மனைவி பாயெல்லாம் எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டாள்.

லிஃப்டுக்கு எடை எப்படித் தெரிகிறது? எளிய விஷயம்தான். பெட்டியின் தரைக்கு அடியில் ஒரு சென்சார். மேலே ஆள் நின்றால் அது இம்மியளவு அழுந்தும். அந்த அழுத்தத்தைக் கிலோவாக மாற்றி, மோட்டார் அறையில் இருக்கும் சின்னத் திரையில் எண்ணாகக் காட்டும். அளவு மிஞ்சினால் மணி. சென்சாரை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். போர்டையே மாற்றினேன். மணி அடித்தது.

சரி, சென்சார் பொய் சொல்லலாம். எதிர் எடை பொய் சொல்லாது.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையில் லிஃப்ட் பெட்டி. மறுமுனையில் இரும்புக் கட்டிகள். அதுதான் எதிர் எடை. காலிப் பெட்டியைவிட அது கனம். பெட்டிக்குள் நாலு பேர் நின்றால் இரண்டும் சமமாகும். ஆகவே, காலிப் பெட்டியை நடுவழியில் நிறுத்திப் பிரேக்கைக் கையால் தளர்த்தினால், பெட்டி மெல்ல மேலே வரும். வந்தே ஆக வேண்டும். இதில் கம்ப்யூட்டர் கிடையாது. வெறும் கனம்தான்.

அன்று சாயங்காலம் பார்வையாளர்களைப் படி வழியாக இறக்கிவிட்டோம். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மச்சான் கீழே லிஃப்ட் வாசலில் நின்றான். நான் உச்சியில், மோட்டார் அறையில். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தேன்.

காலிப் பெட்டியை மாடத்துக்கு வரவழைத்தேன். கதவு திறந்தது. மூடியது.

திரையில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்றுச் சொச்சம்.

பெட்டியைப் பாதி வழி இறக்கி நிறுத்தினேன். பிரேக்கைத் தளர்த்தினேன்.

பெட்டி மேலே வரவில்லை.

கீழே போனது…

என் கண் முன்னால் கம்பிவடம் தப்பான பக்கம் ஓடியது. பிரேக்கைப் பிடித்தேன். நின்றது. மறுபடி தளர்த்தினேன்.

கீழே.

அப்போது, தரையில் கம்பிவடம் இறங்கும் துளை வழியாக ஒரு சத்தம் வந்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"டேய் மச்சான், உள்ள ஏறிட்டியா?"

"நான் எதுக்கு ஏறணும்? வாசல்லதான் மாமா நிக்கிறேன்."

டொக்… டொக்…

பெட்டிக்குள்ளிருந்து. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பது போல.

பிரேக்கை இறுக்கினேன். கீழே அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

"வந்துடுச்சு மாமா. கதவு தொறந்துடுச்சு."

"உள்ள யாரு?"

"யாருமில்ல."

திரையில் எண் குறைந்தது. மொத்தமாக அல்ல. ஓர் ஆள் அளவு. சற்று இடைவெளி. இன்னோர் ஆள் அளவு…

"மாமா… யாரோ இடிச்சுட்டுப் போறாங்க."

மூன்று.

"மாமா!"

நான்கு.

"வழிய விட்டு நில்லுடா!"

ஐந்து.

பூஜ்யம்.

மறுநாள் கண்காணிப்பாளரிடம் சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தார். "மாமனும் மச்சானும் சேர்ந்து நல்லா சரடு விடுறீங்கப்பா. இன்னிக்குச் சாயங்காலம் நானே தனியா இறங்குறேன்."

இறங்கினார்.

கீழே கதவு திறந்தபோது அவர் பெட்டியின் பின்மூலையில், சுவரோடு சுவராக ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். உடனே வெளியே வரவில்லை. முன்னால் நிற்பவர்கள் இறங்கட்டும் என்று காத்திருக்கும் ஆள் மாதிரி நின்றார்… பிறகு ஒருக்களித்தபடி வந்தார்.

"பையன் வேலையில இருக்கட்டும்," என்றார். "மணி மட்டும் அடிக்காம பாத்துக்குங்க."

சில நாள் கழித்து, பழைய லிஃப்டைப் பராமரித்த மெக்கானிக்கை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சந்தித்தேன். கேட்டேன். சொன்னார்.

கோபுரம் கட்டும்போது ஆட்களை ஏற்றி இறக்க வெளிப்பக்கம் ஒரு இரும்புக் கூண்டு இருந்ததாம். திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம், உச்சியில் சாரம் கட்டிப் பூச்சு வேலை செய்த ஐந்து பேரிடம், "இருங்க, அடுத்த தடவை இறக்குறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டுக் கூண்டைக் கழற்றிவிட்டார்கள். விழாப் படத்தில் அது அசிங்கமாகத் தெரியுமாம். படிக்கட்டுக்கு அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தது. யாரும் மிதிக்கக் கூடாதென்று அதையும் பூட்டிவிட்டார்கள். அன்று இரவு புயல். விடிந்தபோது சாரமும் இல்லை, ஐந்து பேரும் இல்லை. விழா குறித்த நேரத்தில் நடந்தது. போரில் இறந்த அத்தனை பேரின் பெயரும் கல்லில் இருக்கிறது. இவர்கள் போரில் சாகவில்லையே!

"உங்க காலத்துல மணி அடிச்சுதா?" என்று கேட்டேன்.

"பழசுல ஏதுப்பா சென்சாரு? கடைசி ட்ரிப்ல மட்டும் நெருக்கமா இருக்கு, மூச்சு முட்டுதுன்னு சொல்லுவாங்க. நான் ஒரு ஃபேன் மாட்டிவிட்டேன்."

அதாவது, இத்தனை வருஷமாகக் கடைசியில் இறங்கிய ஒவ்வொரு கூட்டமும்… அவர்களோடு தோள் உரசித்தான் இறங்கியிருக்கிறது.

ஒரு தடவை இறங்கியவர்கள் ஏன் தினமும் இறங்க வேண்டும்? எனக்குத் தெரியாது. என்ன செய்தால் மணி அடிக்காது என்பது மட்டும் தெரியும்.

பூட்டும் நேரத்தில் லிஃப்டைக் காலியாக மேலே அனுப்ப வேண்டும். தேசிய தினத்தன்று வந்த விருந்தாளிகளானாலும் சரி, ஒதுங்கி நிற்கச் சொல்லி, கதவை ஒரு நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். யாரையும் ஏற்றாமல் இறக்கி, கீழேயும் ஒரு நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். வாசலுக்குக் குறுக்கே யாரும் நிற்கக் கூடாது. அதற்கு அடுத்த தடவை எட்டுப் பேர் தாராளமாக இறங்கலாம்.