மருதை அண்ணனின் மூக்கு

ஜெலாப்பாங்கில் ஒரு லோரியின் அடியில் மல்லாந்து படுத்து ஒயர் மாற்றிக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் தேவராஜ் கூப்பிட்டார். "செல்வி, மருதை அண்ணே காலையிலே தவறிட்டாரு. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளே..." சட்டென்று எழுந்தேன், லோரி எழவில்லை. நெற்றி புடைத்த கோலத்தோடுதான் அண்ணனின் துக்கத்துக்குப் போனேன். அவர் இருந்திருந்தால், "மேலே என்ன இருக்குன்னு பார்த்துட்டு எழுந்திரிக்க மாட்டியா?" என்று முதலில் திட்டிவிட்டுப் பிறகுதான் மருந்து தேடியிருப்பார்.

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டரிடம் இரட்டை இறக்கை கொண்ட ஒரு சின்ன விமானம் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், தலைக்கு மேல் கூரை கிடையாது. ஈப்போவுக்கு வெளியே, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் அதற்கு ஒரு தகரக் கொட்டகை, முன்னால் புல் ஓடுபாதை. உரிமம் பெற்ற மெக்கானிக்கான மருதை அண்ணன் கையில் பெட்ரோலும் எண்ணெயும். என் கையில் பேட்டரி, ஒயர், விளக்கு, ரேடியோ. எங்கள் இருவருக்கும் எல்லைத் தகராறு ஓய்ந்ததே இல்லை.

எண்ணெய் விஷயத்தில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாலையில் இஞ்சினுக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுப் போவார். காலையில் அதன்மேல் விழுந்த சொட்டுகளைக் குந்தி உட்கார்ந்து படிப்பார். எந்த இடத்தில் விழுந்தது, எவ்வளவு கறுப்பு என்பதை வைத்து எந்த மூடியை முறுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். துணி முக்கால்வாசி அவருடைய மனைவி பாக்கியம் அக்காவின் மேசை விரிப்பாக இருக்கும். வீட்டில் விரிப்பு காணாமல்போனால் அக்கா திருடனைத் தேடமாட்டார், எனக்குத்தான் போன் போடுவார்.

என் மின்சாரத்தின்மேல் மட்டும் அண்ணனுக்கு நம்பிக்கை கிடையாது. "எண்ணெய் ஒழுகினா காட்டிக் குடுக்கும் தங்கச்சி. உன் கரண்டு கண்ணுக்குத் தெரியாத சாமான். அதை எப்படி லா நம்புறது?" என்பார். பெட்ரோல் ஊற்றும்போது பொறி பறக்காமல் இருக்க விமானத்தைத் தரையோடு இணைக்கும் கம்பியை மட்டும் மதித்தார். அதை மாட்டாமல் பெட்ரோல் டின்னைத் தொடமாட்டார். ரேடியோவை நான் ஒரு வாரம் மல்லுக்கட்டிச் சரிசெய்தபோது, "இதுலே பாட்டு வருமா?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய மழை பெய்து விட்ட ஒரு காலையில்தான் அது நடந்தது. பெட்ரோல் தொட்டி மேல் இறக்கையில் இருக்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் இஞ்சினுக்குப் போனால் பறக்கும்போது இஞ்சின் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு ஜாம் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். விமானப் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருளும். இல்லையென்றால் அண்ணன், "சுத்தம், போலாம்" என்பார். அந்த இரண்டு வார்த்தை வராமல் டாக்டர் இஞ்சினைத் தொடமாட்டார்.

அன்றைக்கும் பிடித்து மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். "சங்குப்பூத் தண்ணி குடிச்சீங்களா இல்லையா?" அண்ணனுக்குச் சர்க்கரை, வேலியில் பூத்த சங்குப்பூவை அவித்துத் தினமும் கொடுத்தனுப்புவார் அக்கா. அதுவும் அதே மாதிரி ஜாம் போத்தலில், அதே மேசைமேல். அதுவும் நீலம். போனைக் காதில் இடுக்கிக்கொண்டே அண்ணன் ஒரு போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல நீலம். ஒரு பொட்டுத் தண்ணி இல்லே. சுத்தம், போலாம் டாக்டர்!"

டாக்டர் விமானத்தை ஓட்டிக்கொண்டு ஓடுபாதையின் கோடிக்குப் போனார். அண்ணன் நிம்மதியாக உட்கார்ந்து மற்ற போத்தலை வாய்க்குக் கொண்டுபோனார். பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது. அடியில் கோலிக்குண்டு மாதிரி தண்ணீர் உருண்டது. ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை என்று அவர் சொன்ன போத்தல் முழுக்க முழுக்கத் தண்ணீர்.

எண்ணெய்த் துணியை உருவிக்கொண்டு ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. துணியைத் தலைக்கு மேல் சுழற்றிச் சுழற்றி வீசினார். டாக்டர் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கை அசைத்தார். இஞ்சின் சத்தம் கூடியது. மேசையிலிருந்த கை ரேடியோவைப் பிடுங்கி, "டாக்டர், இஞ்சினை நிறுத்துங்க! இப்பவே!" என்று கத்தினேன்.

"ஏன்? அண்ணே டாட்டா காட்டுறாரே," என்று பதில் வந்தது. நல்லவேளை, கேட்டுக்கொண்டே நிறுத்திவிட்டார்.

மூச்சிரைக்க அண்ணன் போய் நின்றார். மழுப்பவில்லை. "தப்பு பண்ணிட்டேன் டாக்டர். நான் பார்த்தது பெட்ரோல் இல்லே, என் வீட்டு சங்குப்பூத் தண்ணி. உங்களைக் கொன்னிருப்பேன்." டாக்டர் விமானத்திலிருந்து இறங்கினார். பிறகு, "அப்போ நீங்க எதைக் குடிச்சீங்க?" என்று கேட்டார். மூன்று பேரும் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தோம். அது பயந்தவர்களின் சிரிப்பு. அன்று முழுவதும் அண்ணன் தொட்டியை வடித்து, மூடிக்குப் புது ரப்பர் போட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம், "உன் கண்ணுக்குத் தெரியாத சாமானும் வேலை செய்யுது லா," என்றார். எனக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

"பாக்கியத்துக்கு மட்டும் சொல்லிடாதீங்க," என்றும் கேட்டுக்கொண்டார். "தன்னாலேதான்னு நினைச்சு அந்தச் செடியையே பிடுங்கிப் போட்டுடுவா."

அதற்குப் பிறகு எதையும் மோந்து பார்க்காமல் அவர் விட்டதில்லை. பெட்ரோலை மோந்தார், சரி. சாலையோர ஒட்டுக்கடையில் நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் டீயை மோந்தார். கல்யாண வீட்டில் பாயசத்தை மோந்ததில் சமையல்காரர் கோபித்துக்கொண்டார். "கண்ணு ஏமாந்துடும், மூக்கைக் கேளு," என்று டாக்டரையும் என்னையும் பழக்கிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புந்தோங்கில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பாக்கியம் அக்கா தட்டில் கண்ணாடிக் குவளைகள் கொண்டுவந்தார். சங்குப்பூத் தண்ணீர். டாக்டரும் நானும் ஒரே நேரத்தில் குவளையை மூக்குக்குக் கொண்டுபோனோம்.

அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"அவரும் இப்படித்தான். நான் எது குடுத்தாலும் மோந்துட்டுத்தான் குடிப்பாரு. நான் என்ன விஷமா கலக்குறேன்னு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! ஏன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லே. கடைசி வரைக்கும் என் கை தண்ணி மேலே அவருக்கு நம்பிக்கை இல்லையேன்னு..."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அண்ணன் படத்தைப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே, சொல்லிவிட்டேன். இரண்டு போத்தல், மேசை விரிப்பு, டாட்டா எல்லாவற்றையும் சொன்னேன். செடியைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டார் என்பதையும் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது. பிறகு என் கையிலிருந்த குவளையை வாங்கினார். தன் மூக்கருகில் பிடித்து நன்றாக இழுத்து மோந்தார்.

"சுத்தம்," என்றார். "குடி."

போன சனிக்கிழமை டாக்டர் மறுபடியும் பறந்தார். புதிய மெக்கானிக் பெட்ரோலைப் பிடித்து வெயிலில் காட்டினார். நான் வாங்கி மோந்துவிட்டுத்தான் விட்டேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும். அக்கா எனக்கும் சங்குப்பூத் தண்ணீர் கொடுத்தனுப்ப ஆரம்பித்திருக்கிறார். போத்தலின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. அண்ணன் எனக்கு விட்டுப்போனது அவருடைய மூக்கை. அதனால் அதையும் மோந்து பார்த்துத்தான் குடிக்கிறேன்.