அருணா தேர்ந்தெடுத்த சைக்கிள்

அறந்தாங்கியில் அருணா கட்டிய வீட்டில் அவள் புருஷன் உதயசூரியன் நிம்மதியாக உட்கார்ந்தது நெஞ்சுவலியோடு ஊர் திரும்பிய பிறகுதான். இருபது வருஷத்துக்கு மேல் குவைத்தில் கட்டட வேலை. லீவில் வருவார், விருந்து முடிவதற்குள் போகிற தேதி வந்துவிடும். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரைக்கும் கொத்தனாரோடு மல்லுக்கட்டி நின்றவள் அருணாதான். கம்பியை வளைத்துப் பார்ப்பாள், செங்கலைத் தட்டிப் பார்ப்பாள். அவளிடம் மட்டமான சரக்கைத் தள்ள முடியாது.

புதுக்கோட்டையில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த டாக்டர், "தினமும் நடக்கணும், எடை குறையணும், வெயில்ல வேலை இனி கூடவே கூடாது" என்றார். உதயசூரியன் கொஞ்ச நாள் நடந்தார். பிறகு வாசலைத் தாண்டவில்லை.

"ஏங்க, என்னாச்சு?"

"ரோட்ல எறங்குனா ஒடம்பு எப்படி இருக்குன்னு எவனும் கேக்க மாட்டேங்கிறான் அருணா. எப்ப திரும்பப் போறீங்கன்னுதான் கேக்குறான்."

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. வெளியே நடக்காத மனுஷனுக்கு வீட்டுக்குள்ளேயே வழி பண்ண வேண்டியதுதான் என்று, புதுக்கோட்டையில் உடற்பயிற்சிச் சாமான் விற்கிற கடைக்குக் கூட்டிப்போனாள்.

உதயசூரியன் நேராக டிரெட்மில்லிடம் போய் நின்றார். மடக்கி வைக்கிற ரகம். விளக்கு மின்னியது, பாட்டுக்கூடப் பாடியது. அருணா கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள். அடிவரைக்கும் ஆடியது.

"தம்பி, இவுக எடைய இது தாங்குமா?"

கடைக்காரர் கண்ணன் மறைக்கவில்லை. "இந்த வெலையில வர்றதுக்கு மோட்டார் சின்னதுங்கக்கா. அண்ணன் எடைக்குக் கொஞ்ச மாசத்துல தெணறிப்போகும். நடக்கும்போது கரண்டு போயி பெல்ட் நின்னா தடுமாறுவாரு. கெட்டியா வேணும்னா வெல எங்கயோ போயிரும்."

மூலையில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஒரு சைக்கிள் இருந்தது. முதுகு சாய்த்து உட்காருகிற சீட்டு, முன்னால் கனமான இரும்புச் சக்கரம், அகலமான கால்கள். கரண்டே வேண்டாம். அருணா ஏறி உட்கார்ந்து இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தாள். ஒரு கிறீச் இல்லை.

"பாக்க ஒண்ணும் இல்லையே" என்றார் உதயசூரியன்.

"பாக்கவா வாங்குறோம்? இதத்தான் ஏத்தச் சொல்லுங்க."

சைக்கிளை மாடி அறையில் போட்டார்கள். முதல் வாரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மிதித்தார். மூச்சு வாங்கும், அருணா துண்டோடு பக்கத்திலேயே நிற்பாள். போகப் போக ஜன்னல் திறந்தது. தொப்பை இறங்கி, சட்டை தொளதொளத்தது. திருச்சியில் நர்சிங் படிக்கும் மகள் தேவிப்ரியா போனில் கேட்கிற முதல் கேள்வியே, "அப்பா சைக்கிள் ஓட்டுனாரா?" என்பதுதான். சந்தைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் குடும்பம் நடத்துகிறோம் என்று அருணாவுக்குத் தோன்றியது.

ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருக்கையில் அவருடைய போன் அடித்தது. எடுத்தாள். "அண்ணன் மெடிக்கல்ல பாஸ் ஆயிட்டாருன்னு சொல்லிருங்க. விசா வந்துரும்" என்றான் ஏஜென்ட்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் போனை நீட்டினாள். "ஸ்டென்ட் வச்சத சொன்னீங்களா?"

"கேட்டாத்தானே சொல்லணும். பிரஷர் பாத்தான், சரியா இருந்துச்சு."

"இதுக்கா இம்புட்டு நாளு மிதிச்சீங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா ஒக்காந்து தின்னு எனக்குப் பழக்கமில்ல அருணா. ஒரே ஒரு தடவ. புள்ள படிப்பு முடியட்டும், வந்துர்றேன்."

அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் உலை வைக்கவில்லை. அவர் போய்விட்டார்.

அங்கே கோடை உச்சத்தில் இருந்தபோது செய்தி வந்தது. சாரத்திலிருந்து இறங்கி, தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டாராம். உடல் வந்துசேர வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் அருணாவுக்கு ஒரே நினைப்புதான். ஆடிய அந்த டிரெட்மில்லை வாங்கியிருந்தால் அது சீக்கிரம் கெட்டிருக்கும். இவரும் மெடிக்கலில் தேறியிருக்க மாட்டார். நோயாளியாகவாவது வீட்டில் கிடந்திருப்பார். நினைக்கக் கூடாது என்று தலையை உதறுவாள். மறுபடி வந்துவிடும்.

தேவிப்ரியாவிடம் ஒரு தடவை சொல்லியும் விட்டாள். "அப்படி இல்லம்மா" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரியம் முடிந்து மகள் காலேஜுக்குப் போனபின், சைக்கிள் நிற்கிற மாடியை அருணா பூட்டிவிட்டாள். அடுப்படியிலும் அதை ஒட்டிய அறையிலுமாக அவள் பொழுது போகிறது. யாராவது கூப்பிட்டால்தான் வெளியே வருகிறாள்.