மாணிக்கவேல் மலையேறிய மூன்று வருடம்

ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஐம்பத்தெட்டு வயதில் கியர் சைக்கிள் வாங்கி மலையேறக் கிளம்பிய நெசவாளர் எனக்குத் தெரிந்து மாணிக்கவேல் ஒருவர்தான். எங்கள் சைக்கிள் சங்கம் வருடம் ஒருமுறை ஜமுனாமரத்தூர் வரை போய்த் திரும்பும். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு மாலை மூன்று மணிக்குள் வந்தால் மெடல். நேரம் குறிக்கிற பாழாய்ப்போன வேலை என் தலையில்.

முதல் வருடம் மனிதர் அடிவாரத்திலேயே இளவட்டங்களைத் துரத்திக்கொண்டு எழுந்து நின்று மிதித்தார். நாலாவது வளைவில் வாந்தி. அடுத்த வருடம் பாதி மலையில் தொடை பிடித்துக்கொண்டது. இரண்டு முறையும் வேனில்தான் வந்து இறங்கினார். மூன்றாம் தடவைக்கு முன்னால் டாக்டர் அவர் முட்டியைப் பார்த்துவிட்டு, இந்த வருடத்தோடு மலையை மறந்துவிடச் சொன்னார். மெடல் இப்போது கிடைத்தால்தான் உண்டு.

இந்தத் தடவை நிதானமாகவே ஏறினார். சின்ன கியர், சீட்டை விட்டு எழவே இல்லை. வாய்விட்டுப் பேச மூச்சு இருந்தால் வேகம் சரி என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். வழி முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டே போயிருக்கிறார். எல்லோரும் முந்திப் போனார்கள், அவர் சட்டை செய்யவில்லை.

மலையிறங்கிப் போளூர் வந்தபோது நேரம் மட்டுமட்டாக இருந்தது. எதிர்க்காற்று வேறு. சேலை கொடுக்கிற நாள் நெருங்கினால் ஊணுறக்கம் இல்லாமல் நெய்து தள்ளுகிற மனிதருக்கு, அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டரில் காலை அழுத்தத் துணிச்சல் வரவில்லை. மறுபடியும் தொடை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். களம்பூரில் நிறுத்தி டீ வேறு குடித்திருக்கிறார். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று எட்டுக்கு வந்து சேர்ந்தார். மூன்று என்றே எழுதிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் மனைவி ஸ்வர்ணலதா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"கால் ரொம்ப வலிக்குதாங்க?"

மாணிக்கவேல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார்.

"வலிக்கவே இல்ல. பயந்துகினே மிதிச்சேன். இன்னொரு வாட்டி மலை ஏறலாம், அவ்ளோ தெம்பு மிச்சம் கீது."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். முன்பு தோற்ற இரண்டு வருடமும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.