அபிஷேகம் கண்ட சிறுநீரகம்

என் அலமாரியில் இருபத்து மூன்று நாட்குறிப்புகள் இருக்கின்றன. மழை எப்போது பிடித்தது, மின்சாரம் எப்போது போனது, எதிர்வீட்டுப் பூனை எத்தனை மணிக்குக் குட்டி போட்டது என்பதுவரை அவற்றில் உண்டு. இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தேதியில் கோட்டைவிட்டேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் மலேசியாவில், யோங் பெங்கில் குடியிருக்கிறேன். காரில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் படிப்புக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு ஒருமுறை துறைத் தலைவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் ஒப்பந்தம் நீளும். அவர் மலாய்க்காரர், கண்டிப்பானவர், எல்லாருக்கும் அவர் ‘புவான்’, அதாவது அம்மையார்.

போன ஆண்டு அவர் வந்தபோது திரையில் பக்கம் பக்கமாக எழுத்தை ஓட்டினேன். அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: ‘9.20, புவான் முதல் கொட்டாவி. 9.34, இரண்டாவது. 9.41, மூன்றாம் வரிசை மாணவரின் நெற்றி மேசையில்.’ அறிக்கையில் புவான் ஒரே வரிதான் எழுதினார்: ‘கண்ணால் பார்க்க ஒன்றுமே இல்லை.’ அடுத்த முறையும் இப்படியே என்றால் ஒப்பந்தம் நீளாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அதன்பின் காட்சிவழிக் கற்பித்தல் பற்றிக் கிடைத்த எல்லாவற்றையும் படித்தேன். படித்ததில் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: இயங்குகிற பொருளைக் காட்டு. ஆகவே ஒரு சிறுநீரகம் செய்வதென்று முடிவெடுத்தேன்.

உடல், பொட்டலத்தில் வரும் வெள்ளை நுரைப்பலகை. அவரை விதை வடிவில் வெட்டி, ஈரல் நிறம் பூசினேன். ரத்தக் குழாய்க்கு மீன் தொட்டிக் குழாய். வடிகட்டிக்குத்தான் மூன்று நாள் யோசித்தேன். கோப்பிக் கடை முதலாளியான தவுக்கே நீளமான துணிப்பையில் கோப்பி வடிப்பதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அதே மாதிரி ஒன்று வாங்கி நடுவில் தொங்கவிட்டேன். ரத்த அணுக்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய ஜவ்வரிசி. வீட்டுச் சமையலறையில் முதல் சோதனை. கீழே சிவப்பாகவே கொட்டியது.

மனைவி எட்டிப் பார்த்தார். “இந்த ஆளுக்கு ரத்தமால்ல போகுது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அப்படியே என் ஜவ்வரிசிக்கும் ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க.”

ஜவ்வரிசியை விட்டுச் சிவப்புப் பாசிமணிக்கு மாறினேன். மணி பைக்குள் நின்றது, நீர் மட்டும் இறங்கியது. நீரில் மஞ்சள் உணவுச் சாயம் கலந்தால் வேலை முடிந்தது.

புவான் இரண்டு நாள்களைச் சொல்லி, எது வசதி என்று கேட்டார். நாட்குறிப்பைத் திறந்தேன், கல்லூரி அட்டவணையைத் திறந்தேன். ஒன்றில் தேர்வு இருந்தது. மற்றதில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத நாளைப் பெருமையோடு தேர்ந்தெடுத்தேன். அதற்கு முந்தைய நாள் மாலை 4.50க்குச் சிறுநீரகத்தை ஆய்வகத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை 8.05. ஆய்வகக் கதவில் மாவிலைத் தோரணம். உள்ளே நுண்ணோக்கிகள், ரத்த அழுத்தக் கருவிகள், எடைத் தராசு எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு நின்றன. நடுவில், வாழையிலை மேல், என் சிறுநீரகம். நெற்றி என்று கருதத்தக்க இடத்தில் பட்டையாகச் சந்தனம், பெரிய பொட்டு. கோப்பிப் பையின் வாயைச் சுற்றியும் கெட்டியாகச் சந்தனம். கழுத்தில் சாமந்தி மாலை. போன ஆண்டு கற்பூரம் காட்டித் தீ எச்சரிக்கை மணி அடித்துவிட்டதால் இம்முறை பேட்டரி விளக்கு.

ஆயுத பூஜை. கல்லூரி அட்டவணையில் அது விடுமுறை நாள் இல்லை. வீட்டுத் தமிழ் நாள்காட்டியை நான் புரட்டவே இல்லை.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சுண்டல் பாத்திரத்தோடு வந்தார். “வாங்க சார். உங்க கிட்னிக்கும் சேத்தே பூஜை போட்டாச்சு. அழகா இருக்கில்ல?”

“அக்கா, ஒம்பது மணிக்கு இத வகுப்புக்குக் கொண்டு போகணும். புவான் வர்றாங்க.”

“பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது சார். நாளைக்குத்தான்.”

“நாளைக்கு எனக்கு வேலையே இருக்காதுக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். சிறுநீரகத்தைப் பார்த்தார். “எடுக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்? பாக்கக் கூடாதுன்னா சொன்னேன்? பிள்ளைங்கள இங்க கூட்டிட்டு வாங்க லா.”

“பாத்தா மட்டும் பத்தாது. தண்ணி ஊத்திக் காட்டணும். இயங்கணும்.”

அக்கா சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தார். “நீங்க ஊத்துனா அது வேலை. நான் ஊத்துனா அது அபிஷேகம். நான் ஊத்துறேன்.”

வகுப்பு ஆய்வகத்தில் என்று மாணவர்களுக்கும் புவானுக்கும் செய்தி அனுப்பினேன்.

9.02க்கு மாணவர்கள் வந்தார்கள். அக்கா எல்லாரையும் காலணியைக் கழற்றச் சொன்னார். கதவுக்கு மேலேயோ, ஆய்வகத்தில் காலணி கட்டாயம் என்ற பலகை. அந்தப் பலகையில் கையெழுத்திட்டவர் புவான். அவரே கடைசியாக வந்தார், பலகையைப் படித்தார், அக்காவின் முகத்தைப் படித்தார், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். யாரோ அவர் கையில் சுண்டலைக் கொடுத்தார்கள்.

நான் பாடத்தைத் தொடங்கினேன். அக்கா, சாயம் இன்னும் கலக்காத, பாசிமணி போட்ட நீரைச் செம்பில் எடுத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, பைக்குள் ஊற்றினார். சிவப்பு மணிகள் பையில் தங்கின. பையின் வாயில் இருந்த சந்தனம் கரைந்து இறங்க, கீழ்க்குழாயில் இளமஞ்சளாக நீர் சொட்டியது. என் உணவுச் சாயத்தால் ஒருநாளும் வராத, அசல் நிறம்.

புவான் ஆங்கிலத்தில் கேட்டார்: “சிவப்பு மணி ஏன் கீழே வரவில்லை?”

எப்போதும் வாய் திறக்காத சீன மாணவர் ஒருவர் சட்டென்று சொன்னார்: “மணி பெரிது, ஓட்டை சிறிது. ரத்த அணுவும் அப்படித்தான். கீழே வந்தால் நோயாளிக்கு ஏதோ கோளாறு.” நான் ஆண்டு முழுவதும் திரையில் எழுதிக் காட்டியது அதைத்தான்.

அப்போதுதான் அது நடந்தது. முன்வரிசையில் பெக்கோக்கிலிருந்து வரும் மாணவி ஒருவர். செம்பு, மாலை, மேலே ஊற்றுவது, கீழே சொட்டுவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், பழக்கதோஷத்தில் இடது கைமேல் வலது கையைக் குவித்துக் குழாயடியில் நீட்டிவிட்டார். அக்காவும் அதே பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். உள்ளங்கை நிறைந்தது. மாணவி கையை வாயருகே கொண்டு போனார்.

“அடியே! அது யூரின்டி!” என்று பக்கத்திலிருந்த தோழி கத்தினார்.

“அலமாக்!” என்று பின்வரிசை எழுந்தது.

“கத்தாதீங்க, வெறும் சந்தனத் தண்ணிதான்,” என்றார் அக்கா.

மாணவி கையை உதறவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல், என்னையே பார்த்தார். “சார், இத என்ன பண்றது?”

இருபத்து மூன்று நாட்குறிப்பிலும் இதற்கு விடை இல்லை. “தலையில தெளிச்சுக்கம்மா,” என்றேன். தெளித்துக்கொண்டார். வகுப்பு உருண்டு சிரித்தது. புவான் முகத்தைக் கோப்பால் மறைத்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது. அவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா, என் ஒப்பந்தத்தைக் கிழிக்கிறாரா என்று தெரியவில்லை. 9.47 என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

பதினொரு நாள் கழித்து அறிக்கை வந்தது. ‘கண்ணால் பார்க்க இருந்தது. கையில் ஏந்தவும் இருந்தது. கடலையும் நன்றாக இருந்தது. கொட்டாவி: இல்லை.’ போன ஆண்டு அவர் விட்ட கொட்டாவிகளை நான் எண்ணியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை. ஒப்பந்தம் நீண்டது, ஒரு நிபந்தனையோடு: இதே பாடத்தை மற்ற விரிவுரையாளர்களுக்கும் நடத்திக் காட்ட வேண்டும். தேதியை நானே சொல்லலாம்.

இறுதித் தேர்வில் சிறுநீரகத்தை வரையச் சொன்ன கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் சரியாக வரைந்திருந்தார்கள். நான்கு பேர் பொட்டும் வைத்திருந்தார்கள். பொட்டுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

தேதி சொல்வதற்கு நான் நாட்குறிப்பைத் திறக்கவில்லை. நேரே ஆய்வகத்துக்குப் போனேன். அக்கா நாள்காட்டியை விரித்து, விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு வியாழக்கிழமையில் நிறுத்தினார்.

“பத்தரைக்கு மேல வைங்க சார். இந்தத் தடவ எத்தன பேரு வருவாங்க?”

“முப்பது பேர் இருக்கும்க்கா. ஏன்?”

“கடலை ஊறப் போடணும்ல.”